ஜாதி நாய்க்குட்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் எவரும் முதலில் கண்ட மாட்டுக்குக் கயிறு மாற்றிக்கொண்டு வீடு திரும்புவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார், எந்த ஊர் மாடு, யார் தொழுவத்தில் நின்றது என்று விசாரிக்கிறார். விதை நெல் வாங்கும்போதும் அப்படியே. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷ காலம் தம் வாசலையும் களத்தையும் கிணற்றடியையும் காக்க வேண்டிய நாயை வாங்கும்போது மட்டும் இவ்விசாரணை ஒன்றும் நடைபெறுவதில்லை. சாலையோரத்தில் கூடையில் வைத்து விற்பவனிடம், குட்டி கொழுகொழுவென்றிருக்கிறது, நிறம் நன்றாயிருக்கிறது என்ற இரண்டே காரணங்களைக் கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுகிறார். ஒரு வாரத்தில் குட்டி இறந்துபோகிறது. அல்லது உயிர் பிழைத்து வளர்ந்த பிறகு அதற்குக் காது கேளாதென்று தெரியவருகிறது.

இந்நஷ்டத்தைத் தவிர்க்கும் வழி கடினமானதன்று. குட்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னர் அதை வளர்த்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தம் வீட்டிலேயே இரண்டொரு பெட்டை நாய்களை வைத்து, அவற்றின் வமிசத்தை அறிந்து, கவனித்துக் குட்டி எடுக்கும் வளர்ப்பவர்கள் தென் மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றனர். அத்தகையவரை அடையாளம் கண்டு வாங்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் நாட்டு ஜாதி நாய்கள்

தென் தமிழ்நாட்டுக்கு உரிய ஜாதி நாய்களில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்னும் நான்கும் முக்கியமானவை. ராஜபாளையம் நாய் விருதுநகர் மாவட்டத்திலுள்ள அவ்வூரின் பெயரால் வழங்குவது. உயர்ந்த உடற்கட்டும் வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. கடுவன் சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை உயரம் வளரும். காவலுக்குப் பெயர்போனது. சிப்பிப்பாறையும் அதே மாவட்டத்து ஊர்ப்பெயரே. அந்நாய் ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களும் உடையது. கண்ணால் கண்டு துரத்தி ஓடும் இயல்பினது. கன்னி நாய் அதற்கு நெருங்கிய உறவுடையது. கரிய உடலில் பழுப்பு அடையாளங்கள் கொண்டது. கோம்பை நாய் தேனி மாவட்டத்து மலையடிவார ஊரின் பெயரை உடையது. செம்பழுப்பு நிறமும் கரிய முகமும் உறுதியான தாடையும் உள்ளது.

ராஜபாளையம் நாயின் உருவம் 2005-ம் வருஷத்தில் இந்தியத் தபால் தலையில் வெளியாயிற்று. ராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டையும் கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் இந்நாட்டு இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. 2020 ஆகஸ்டு 30-ம் தேதி பிரதம மந்திரி தமது வானொலிப் பேச்சில் இந்நான்கு ஜாதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். இவ்வாறு புகழ் பரவுவது நல்லதே. ஆயினும் ஒரு பொருளுக்குக் கிராக்கி ஏற்படும்போது போலிச் சரக்கும் அவசரச் சரக்கும் சந்தைக்கு வருவது இயல்பு. நாய்க்குட்டி வியாபாரமும் அதற்கு விலக்கன்று.

எந்த ஜாதியை வாங்குவதென்பதை முதலில் வீட்டின் தேவையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். தோட்டத்துக் காவலுக்கும் களத்துக் காவலுக்கும் ராஜபாளையமும் கோம்பையும் ஏற்றவை. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடித் திரிய விசாலமான இடம் வேண்டுபவை. நாள் முழுதும் சங்கிலியில் கட்டி வைத்தால் அவை குணம் கெட்டுப்போகும். கோழியும் ஆட்டுக்குட்டியும் உள்ள வீட்டில் அவற்றைத் துரத்தாதபடி சிறுவயது முதலே பழக்க வேண்டும். முயல் வேட்டைக்கென்று இந்நாய்களைத் தேடும் வழக்கம் முற்காலத்தில் இருந்ததுண்டு. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முயல் வேட்டை குற்றமாதலால், அந்நோக்கத்துடன் நாய் வாங்குவோர் தண்டனைக்கு உள்ளாக நேரிடும்.

தாயைப் பார்த்தல்

தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டியதில்லை என்பது பழமொழி. நாய்க்குட்டி வாங்குவதற்கு இதைவிடச் சிறந்த விதி இல்லை. தாய் நாயைக் காட்ட மறுப்பவரிடம் எக்காரணம் கொண்டும் குட்டி வாங்கலாகாது. "தாய் ஊரில் இருக்கிறது", "தாய் நேற்றுத்தான் செத்துப்போயிற்று", "குட்டியை நானே பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன்" என்பன போன்ற பேச்சுக்கள், அக்குட்டி வேறெங்கிருந்தோ வாங்கிக் கைமாற்றப்படுவது என்பதற்குப் பெரும்பாலும் அடையாளமாகும்.

வளர்ப்பவர் வீட்டுக்கு நேரில் செல்ல வேண்டும். பால் கொடுக்கும் தாய் சற்று மெலிந்திருப்பதும், அன்னியரைக் கண்டு உறுமுவதும் இயற்கையே. ஆனால் எஜமானர் ஒரு சொல் சொன்னதும் அது அடங்க வேண்டும். எஜமானரைக் கண்டே ஒடுங்கி மூலையில் பதுங்கும் தாய், காரணமின்றிப் பாய்ந்து கடிக்க வரும் தாய், சொறியும் உண்ணியும் மண்டிய தாய் ஆகியவற்றின் குட்டிகளை ஒதுக்கிவிடுவது நலம். குணமும் பெரும்பாலும் வமிசத்தில் வருவது. தாயின் பயம் குட்டியிடமும் படியும்.

தாயின் வயதையும் ஈற்றையும் விசாரிக்க வேண்டும். நாய்களை இனவிருத்தி செய்து விற்பதற்கென 2017-ம் வருஷத்தில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட விதிகளின்படி, 18 மாதம் நிரம்பாத பெட்டையை இணை சேர்க்கலாகாது. வருஷத்தில் ஓர் ஈற்றுக்கு மேல் எடுக்கலாகாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் போகலாகாது. பருவத்துக்குப் பருவம் குட்டி ஈன்ற பெட்டையின் மடி தொங்கி, எலும்பு தெரிந்து, மயிர் மங்கியிருக்கும். மாடு வாங்கிப் பழகிய கண்ணுக்கு இது பார்த்தவுடன் விளங்கும்.

தந்தை அதே வீட்டில் இல்லாவிடில் அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. தம் பெட்டைக்குப் பொருத்தமான கடுவனை வேறொரு ஊரில் தேடிச்சென்று சேர்ப்பவர், வீட்டிலிருக்கும் கடுவனையே எல்லாப் பெட்டைகளுக்கும் சேர்ப்பவரைவிட மேலானவர். தந்தை யாருடையது, எங்கே பார்க்கலாம் என்பதை மட்டும் அவர் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நெருங்கிய உறவில் இணை சேர்ப்பதன் தீமை

ஜாதி நாய்களின் தொகை குறைவாகையால், தந்தைக்கு மகளையும் அண்ணனுக்குத் தங்கையையும் இணை சேர்க்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஜாதி கெடாமலிருக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். இது தவறு. ஒவ்வொரு நாயின் இரத்தத்திலும் வெளியே தெரியாத சில குறைகள் அடங்கியிருக்கும். உறவில்லாத இரண்டு நாய்கள் சேரும்போது ஒன்றன் குறையை மற்றது பெரும்பாலும் மறைத்துவிடும். ஒரே ஈற்றில் பிறந்தவை சேர்ந்தாலோ, இரண்டிலும் அதே குறை இருக்கக்கூடுமாதலால் அது குட்டியில் வெளிப்படுகிறது. ஈற்றில் குட்டிகள் குறைவதும், பிறந்த சில தினங்களில் இறப்பதும், வளர்ந்தவை நோய்க்கு எளிதில் ஆளாவதும் இதன் பலன்களாகும்.

இக்காரணத்தால், ஒரே ஈற்றிலிருந்து கடுவன் ஒன்றும் பெட்டை ஒன்றும் "ஜோடி"யாக வாங்கிப் பின்னர் அவற்றையே இணை சேர்க்கலாம் என்று எண்ணுவது பெரும் பிழை. இவ்வாறு ஜோடியாகத் தள்ளிவிட விரும்பும் விற்பனையாளர் வாங்குபவரின் நன்மையையோ ஜாதியின் நன்மையையோ கருதுபவராகார். நல்ல வளர்ப்பவர் தாய் தந்தையரையும் அவற்றின் தாய் தந்தையரையும் சொல்லக்கூடியவராயிருப்பார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பாராயின் அது மிகவும் சிலாக்கியம்.

வெண்ணிறமும் செவிடும்

ராஜபாளையம் குட்டி வாங்குவோர் இவ்விஷயத்தில் விசேஷ கவனம் செலுத்த வேண்டும். அப்பழுக்கற்ற வெண்ணிறமும் சிவந்த மூக்குமே இந்த ஜாதியின் லக்ஷணம் என்று கொண்டு, புள்ளி விழுந்த குட்டியை மட்டமாக மதிப்பது வழக்கமாக இருந்து வருகிறது. இதில் ஓர் அபாயம் உண்டு. தோலுக்கும் மயிருக்கும் நிறம் கொடுக்கும் நுண்ணிய அணுக்கள் உட்செவியிலும் இருந்து, கேட்கும் சக்தியைக் காக்கின்றன. உடல் முழுதும் வெளுத்த நாய்களில் சிலவற்றுக்கு உட்செவியிலும் அவ்வணுக்கள் இல்லாமற் போகின்றன. அதனால் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே காது செவிடாகிவிடுகிறது. இதற்குச் சிகிச்சை இல்லை. வெள்ளை நாய் யாவும் செவிடென்று இதற்குப் பொருளன்று. பரீட்சை செய்யாமல் வாங்கலாகாது என்பதே பொருள்.

காவல் நாய்க்குக் காதே பிரதானம். இரவில் வேலியோரம் காலடி ஓசை கேளாத நாயால் பயனில்லை. மேலும் தூங்கும்போது யாரேனும் அருகில் வந்து தொட்டால் செவிட்டு நாய் திடுக்கிட்டுக் கடித்துவிடக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை இலேசாக எண்ணலாகாது.

பரீட்சை செய்யும் முறையாவது: ஐந்து வாரத்துக்கு மேற்பட்ட குட்டியை மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்துத் தனியே விட வேண்டும். கூட்டத்திலிருக்கும்போது செவிட்டுக் குட்டி மற்றவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பி ஏமாற்றிவிடும். பின்பு அதன் பார்வைக்குப் படாமல் பின்னால் நின்று கையைத் தட்ட வேண்டும். அல்லது ஒரு டம்ளரைக் கரண்டியால் தட்ட வேண்டும். தரையைக் காலால் உதைக்கக்கூடாது. அந்த அதிர்ச்சியைச் செவிட்டுக் குட்டியும் பாதத்தால் உணர்ந்துகொள்ளும். ஒரு குட்டி தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் இப்படி இரண்டு மூன்று தடவை சோதித்தால் நிச்சயம் தெரியும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இம்முறையால் கண்டுபிடிக்க இயலாது. அதற்கு மின்கருவியால் செய்யும் பரீட்சை உண்டு. அவ்வசதி சில கால்நடை ஆஸ்பத்திரிகளில் மட்டுமே கிடைக்கும்.

பொறுப்புள்ள வளர்ப்பவர் தம் ஈற்றில் செவிட்டுக் குட்டி பிறந்திருந்தால் அதை ஒளிக்க மாட்டார். அத்தகைய நாயை மீண்டும் இணை சேர்க்கவும் மாட்டார். புள்ளியுள்ள ஆரோக்கியமான குட்டியை மதித்து வாங்கும் குடியானவர், அவர் இந்நேர்மையில் நிலைத்திருக்க உதவி செய்தவராவார்.

வயதும் தடுப்பூசியும்

எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது என்று மேற்கூறிய 2017-ம் வருஷத்து விதிகள் கூறுகின்றன. தடுப்பூசி போடாமலும் விற்கலாகாது. சட்டத்தில் இருப்பது ஒருபுறமிருக்க, இதற்குத் தக்க காரணங்களும் உண்டு. குட்டி இரண்டு வாரத்தில் கண் திறக்கிறது; மூன்று நான்கு வாரத்தில் பாலுடன் வேறு உணவும் உண்ணத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும் விளையாடும் காலத்தில்தான், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதையும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் கற்றுக்கொள்கிறது. நாலைந்து வாரத்தில் பிரிக்கப்பட்ட குட்டி இப்பாடத்தை அறியாமல் வளர்ந்து, பின்னர் வீட்டாரையே கடிக்கும் நாயாக ஆவதுண்டு.

மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனம் இளகிய மண் போன்றது. அக்காலத்தில் குழந்தைகளையும் பெரியவர்களையும், வண்டிச் சத்தத்தையும் மோட்டார் சத்தத்தையும், ஆடு மாடு கோழிகளையும் கண்டு பழகிய குட்டியே பிற்காலத்தில் பயமற்ற நாயாகிறது. வீட்டில் வளரும் குட்டிக்கு இது தானாகவே கிடைக்கிறது. கொட்டடியில் கம்பிக் கூண்டில் அடைபட்ட குட்டிக்கோ கிடைப்பதில்லை. வீட்டில் வளர்ப்பவரைத் தேடுவதன் பிரதான அனுகூலம் இதுவே.

நோயைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். குட்டிகளைக் கொல்லும் நோய்களில் பார்வோ என்னும் இரத்தபேதி கொடியது. 1978-ம் வருஷத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்நோய், பிறகு உலகெங்கும் பரவிவிட்டது. வாந்தியும் நாற்றமுள்ள இரத்தக் கழிச்சலும் கண்டு இரண்டு மூன்று தினங்களில் குட்டி இறந்துபோகக்கூடும். இதன் கிருமி மண்ணிலும் தரையிலும் பல மாதம் உயிருடன் இருக்கும். ஆகையால் பல ஊர்க் குட்டிகளை ஒரே கூடையில் கூட்டும் வியாபாரியிடம் இந்நோய் எளிதில் தொற்றிக்கொள்கிறது. வாங்கும் தினத்தில் துள்ளி விளையாடிய குட்டி நாலாம் நாள் படுத்துவிடுவதன் ரகசியம் இதுதான்.

தாயின் சீம்பாலில் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தி குட்டியைச் சில வாரம் காக்கும். பின்பு படிப்படியாகக் குறையும். அது முற்றும் குறையாமல் இருக்கும்போது போட்ட ஊசி நன்கு வேலை செய்யாது. குறைந்த பிறகு ஊசி போடாவிடில் நோய் வரும். எந்தக் குட்டிக்கு எந்த நாளில் அது குறைகிறதென்று அறிய முடியாது. அதனாலேயே ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போட்டு, பின்பு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரையில் திரும்பவும் போடுகின்றனர். ஓர் ஊசி போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நிறுத்திவிடுவது ஆபத்தானது. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசியை மூன்று மாதத்தில் போட்டு, வருஷந்தோறும் புதுப்பிக்க வேண்டும்.

குடற்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குச் செல்லும். பாலின் வழியாகவும் செல்லும். ஆகவே இரண்டாவது வாரம் முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். உடல் மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருக்கும் குட்டி கொழுத்த குட்டியன்று. புழு நிறைந்த குட்டி. இப்புழு குழந்தைகளையும் தொற்றக்கூடியது.

குட்டியின் லக்ஷணங்கள்

வளர்ப்பவரும் தாயும் திருப்தியளித்த பின்னரே குட்டியைப் பார்க்க வேண்டும். கண்கள் பீளையின்றித் தெளிவாயிருத்தல், மூக்கு ஒழுகாமை, ஈறு இளஞ்சிவப்பாயிருத்தல், காதில் நாற்றமின்மை, தொப்புளில் புடைப்பின்மை, ஆசனவாய் சுத்தமாயிருத்தல், மேல் கீழ்ப் பற்கள் ஒழுங்காகப் பொருந்துதல், நான்கு கால்களையும் ஊன்றி நேராக நடத்தல் ஆகியவை கவனிக்கத்தக்கவை. ஈறு வெளுத்திருந்தால் புழுவோ உண்ணிக் காய்ச்சலோ இருக்கலாம். காவலுக்கென்று எல்லாவற்றையும் முந்திக்கொண்டு மேலே விழும் குட்டியை எடுப்பது பலர் வழக்கம்; மூலையில் ஒதுங்கும் குட்டியை இரக்கத்தால் எடுப்பது சிலர் வழக்கம். கூப்பிட்டால் வருவதும், தூக்கினால் சற்று நெளிந்து பின் அடங்குவதும், புதுச் சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டாலும் உடனே தேறி என்னவென்று பார்க்க வருவதுமான நடுத்தரக் குட்டியே குடும்பத்துக்கு ஏற்றது.

கம்பீரத்துக்கென்று காதை அறுத்த குட்டியை வாங்கலாகாது. இது பிராணி வதை. 1960-ம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் பிராணியின் உறுப்பைச் சிதைப்பதைக் குற்றமாகக் கூறுகிறது. அதனால் ஜாதியின் மதிப்பு சிறிதும் உயர்வதில்லை.

வளர்ப்பவர் கேட்கும் கேள்விகள்

வீட்டுக்கு வேலி உண்டா, பகலில் யார் இருப்பார்கள், நாயைக் கட்டியே வைப்பதா அவிழ்த்து விடுவதா, இதற்கு முன் வளர்த்த நாய் என்னவாயிற்று என்றெல்லாம் சில வளர்ப்பவர்கள் விசாரிப்பார்கள். பணம் கொடுத்து வாங்க வந்த பெரிய மனிதரை இவ்வாறு கேட்கலாமா என்று சிலருக்குக் கோபம் வருவதுண்டு. உண்மையில் இக்கேள்விகள் மரியாதைக் குறைவல்ல. அவரே தேடத்தக்க வளர்ப்பவர் என்பதற்கு அத்தாட்சியாகும். பெண் கொடுப்பவர் மாப்பிள்ளை வீட்டை விசாரிப்பது போன்றதே இது. குட்டி எங்கே போனாலும் சரியென்று கொடுப்பவர், அது எங்கிருந்து வந்ததென்பதிலும் அக்கறையற்றவராகவே இருப்பார்.

நல்ல வளர்ப்பவரிடம் எப்பொழுதும் குட்டி இருக்காது. பெட்டை சினையாகி ஈனுவதற்குச் சுமார் 63 நாள் ஆகும். குட்டிக்கு எட்டு வாரம் நிரம்ப வேண்டும். ஆகவே முன்கூட்டிச் சொல்லி வைத்துக் காத்திருக்க நேரும். வருஷம் முழுவதும் நாலைந்து ஜாதிக் குட்டிகள் தயாராயிருக்குமிடம் வளர்ப்பவர் வீடன்று, வியாபாரக் கிடங்கு.

வளர்க்க இயலாத நிலைமை எப்பொழுதாவது ஏற்பட்டால் நாயைத் தம்மிடமே திருப்பிக் கொண்டுவருமாறு சொல்பவர் உத்தமமான வளர்ப்பவர். அவ்வார்த்தையை எழுத்தில் வாங்கிக்கொள்வது நலம்.

விலையும் பத்திரமும்

விலை பேசும்போது துண்டுக்குள் விரல் பிடித்துச் சந்தை விலை பேசுவதைப்போல் நெருக்குவது இங்கே பயன்படாது. தாய்க்குச் சினைக்காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் இரட்டிப்புத் தீனி, கடுவனுக்குக் கொடுத்த தொகை, குட்டி ஒவ்வொன்றுக்கும் ஊசியும் மருந்தும், எட்டு வார உணவு ஆகிய செலவுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நியாயமான விலை விளங்கும். இதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் குட்டியில் இச்செலவுகளில் ஏதோ ஒன்று செய்யப்படவில்லை என்று கொள்ள வேண்டும். விட்டுப்போன செலவை வாங்கியவர் பிறகு வைத்தியருக்குக் கொடுப்பார்.

சென்னையிலுள்ள இந்தியக் கென்னல் சங்கத்தின் பதிவுச் சான்றிதழும், தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் அடையாளமும் சில குட்டிகளுக்கு இருக்கும். சான்றிதழ் வமிசத்தைக் காட்டுமேயன்றி ஆரோக்கியத்தைக் காட்டாது. சான்றிதழைக் காட்டித் தாயைக் காட்டாதவரிடம் ஏமாறலாகாது.

குட்டியுடன் பெற்றுக்கொள்ள வேண்டியவை பின்வருவன:

1. ஊசி போட்ட தேதிகளும் வைத்தியரின் கையொப்பமும் உள்ள அட்டை.
2. பூச்சி மருந்து கொடுத்த தேதிகள்.
3. பிறந்த தேதி, தாய் தந்தையர் விவரம்.
4. அதுவரை கொடுத்துவந்த உணவின் குறிப்பு.
5. பணம் பெற்ற ரசீது. வளர்ப்பவரின் பதிவு விவரம்.
6. குறிப்பிட்ட நாளுக்குள் வைத்தியர் குறை கண்டால் திருப்பிக்கொள்ளும் ஒப்பந்தம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின்

இரண்டு மூன்று தினங்களுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் வாரம் வளர்ப்பவர் கொடுத்த உணவையே கொடுத்து, பின்பு சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். திடீரென மாற்றினால் கழிச்சல் உண்டாகும். எட்டு வாரக் குட்டிக்கு நாளொன்றுக்கு நான்கு வேளை உணவு தேவை. ஆறு மாதத்தில் இரண்டு வேளையாகக் குறைக்கலாம். வெறும் பாலும் சோறும் வளரும் எலும்புக்குப் போதா. முட்டை, வேகவைத்த இறைச்சி, கேழ்வரகுக் கூழ் ஆகியவை சேர வேண்டும். வெங்காயம் நாய்க்கு நஞ்சாதலால் குழம்புச் சோறு கொடுக்கலாகாது. ஊசிகள் முடியும் வரையில் தெருநாய்கள் நடமாடும் இடத்தில் விடக்கூடாது. முன்பு ஒரு குட்டி பார்வோவால் இறந்த வீடாயின், அவ்விடத்தை வெளுப்புக் காரத் தண்ணீரால் நன்கு கழுவாமல் புதுக்குட்டியைக் கொண்டுவருவது அதையும் பலி கொடுப்பதாகும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

நாய்க்குட்டி வளர்த்து விற்போர், வீட்டிலேயே செய்வோராயினும், மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது 2017-ம் வருஷத்து விதி. இதை அறியாதவர் பலர். தங்கள் எல்லையிலுள்ள வளர்ப்பவர்களுக்கு இதைத் தெரிவித்து, பதிவு செய்யத் தூண்டுவது அதிகாரிகள் செய்யத்தக்க உபகாரமாகும். நேர்மையாக வளர்ப்பவருக்குப் பதிவு ஒரு தொல்லையன்று. கூடை வியாபாரியிலிருந்து அவரைப் பிரித்துக் காட்டும் மரியாதை.

இணை சேர்க்கும் நோக்கமில்லாத நாய்க்குக் கருத்தடை செய்வித்தல் நலம். கட்டவிழ்ந்து திரியும் ஜாதி நாயின் குட்டிகள் தெருவில் பெருகுவதால் யாருக்கும் நன்மையில்லை. தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்விக்கும் பொறுப்பை 2023-ம் வருஷத்து விதிகள் உள்ளாட்சி ஸ்தாபனங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன. நாய் கடித்தால், அது வீட்டுக் குட்டியே ஆயினும், காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிஷம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மிளகாய், சுண்ணாம்பு முதலியவற்றை வைத்துக் காலத்தைப் போக்கலாகாது. வெறிநோய்க் குறிகள் கண்ட பிறகு பிழைத்தவர் அரிதிலும் அரிது. இதைக் கிராமசபைக் கூட்டங்களில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

முடிவுரை

ஒரு ஜாதி நாயின் எதிர்காலம் அரசாங்கப் பதிவேட்டில் மட்டும் இல்லை. குட்டி வாங்கும் ஒவ்வொரு குடியானவரின் கையிலும் இருக்கிறது. அவர் எவரிடம் பணம் கொடுக்கிறாரோ அவருடைய தொழிலே அடுத்த வருஷமும் நடக்கும். கூடைக்காரரிடம் கொடுத்தால் ஓய்ச்சலின்றி ஈனும் பெட்டைகளும் செவிட்டுக் குட்டிகளும் பெருகும். தாயைக் காட்டி, குறையை மறைக்காமல் சொல்லி, எட்டு வாரம் வளர்த்துக் கொடுப்பவரிடம் கொடுத்தால், அவரும் தம் முயற்சியைக் கைவிடாதிருப்பார், ஜாதியும் நிலைக்கும். மாட்டுக்குச் செய்யும் விசாரணையில் பாதியை நாய்க்கும் செய்தால் போதுமானது. அதற்குச் செலவாவது ஒரு நாள் பிரயாணமும் சில வாரக் காத்திருப்புமே. பத்து வருஷக் காவலுக்கு அது அதிக விலையன்று.